வேம்பநாட்டு ஏரியில் ஓடும் சூரியப் படகு – நமக்கு ஒரு பாடம்



வீட்டில் பால் இருக்கிறது, உறை ஊற்ற மோர் இல்லை. என்ன செய்வோம்? "அக்கா, ஒரு கரண்டி மோர் குடுங்க" என்று பக்கத்து வீட்டில் வாங்கி வருவோம். விடிந்தால் ஒரு சட்டி தயிர். இன்னொரு நாள் அந்த அக்கா நம்மிடம் கேட்டு வருவாங்க. இப்படி வெளியில் இருக்கும் அறிவை வாங்கியும், நம் அறிவைக் கொடுத்தும் புதிய பொருள் உருவாக்குவதைத் 'திறந்த புத்தாக்கம்' என்கிறார்கள். 2003-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி செஸ்பரோ இந்தப் பெயரில் புத்தகமே எழுதினார். பெயர்தான் புதுசு, பழக்கம் நம்முடையது.

வைக்கத்தில் நடந்தது

பெரியார் போராடிய வைக்கம் கேரளாவில் வேம்பநாட்டு ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கிருந்து அக்கரையிலுள்ள தவணக்கடவுக்கு 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் போகலாம். கூரையில் சூரியத் தகடுகள், உள்ளே பேட்டரி. வெயில் போதாவிட்டால் கரையில் கரண்ட் ஏற்றிக்கொள்ளலாம். டீசல் புகையும் இரைச்சலும் இல்லை.

இதைக் கட்டியது கொச்சியின் நவால்ட் என்ற இளம் நிறுவனம். அதைத் தொடங்கிய சந்தித், சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் படிப்பு படித்தவர். படகு கட்டத் தெரியும். ஆனால் சூரிய சக்தியில் ஓட்டும் அனுபவம் வேண்டும். அதற்காக பிரான்ஸ் நாட்டின் இரண்டு நிறுவனங்களைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். விலை சுமார் 2 கோடி ரூபாய். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை வாங்கி ஓட்டியது. வாங்குபவர், கட்டுபவர், தொழில்நுட்பம் தெரிந்தவர் மூவரும் சேர்ந்ததால்தான் காரியம் நடந்தது.

கொடுப்பதிலும் லாபம் உண்டு. ஓசூரில் மின் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் நிறுவனம், தன் சார்ஜர் முனையின் வடிவத்தை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 2023-ல் அது இந்தியத் தர நிர்ணயமாகவே ஏற்கப்பட்டது. ஒரே சார்ஜரில் பல கம்பெனி வண்டிக்குக் கரண்ட் ஏற்ற இது வழி செய்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது?

"நமக்கு என்ன தெரியும் மேடம்?" என்று கேட்பீங்க. முகத்துவாரம் அடைபட்டால் தண்ணீர் எவ்வளவு குறையும், வலை எங்கே போட்டிருக்கும், எத்தனை மணிக்கு மீன் கரைக்கு வரும் என்பது எந்த இன்ஜினியருக்கும் தெரியாது. மீன் கூடையைப் பார்த்ததும் நிற்காமல் போகிற ஷேர் ஆட்டோவைப் பற்றியும் உங்களுக்குத்தான் தெரியும். இந்த அறிவு சேராமல் வரும் வண்டியோ படகோ நமக்கு உதவாது.

பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. 2011 டிசம்பர் 25-ல் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரண்ட் படகாக இருந்தாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் கவிழும்.

குழுக் கூட்டத்தில் பேச

நாளை யாராவது மின் ஆட்டோ, மின் படகு என்று ஆரம்பாக்கம் பக்கம் வந்தால், கடன் மனுவில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்:

1. கூடை வைக்க இடமும், கழுவ வசதியான தரையும் உண்டா?
2. ஆழம் குறைந்த இடத்தில் படகு ஓடுமா? எத்தனை பேர் ஏறலாம்? ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை உண்டா?
3. பழுதானால் பார்ப்பது யார்? பேட்டரி மாற்றும் செலவு யாருடையது?
4. நாம் சொன்ன யோசனையால் அவர்களுக்கு லாபம் வந்தால், நமக்கு என்ன பங்கு? அது எழுத்தில் இருக்கிறதா?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மோர் கொடுப்போம், வாங்குவோம். ஆனால் கணக்கோடு!