கார்ல ஆயில் ஒழுகுதா? பில் எகிறுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

செகண்ட் ஹேண்ட் கார் பத்தி நம்ம சேனல்ல பேசும்போதெல்லாம் இ.எம்.ஐ., இன்சூரன்ஸ், மைலேஜ்னு கணக்குப் போடுறோம். ஒரு செலவை மட்டும் யாரும் எக்செல் ஷீட்ல எழுதுறதில்லை. அதை நான் கைக்காசு போட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

என் முதல் கார் ஒரு பழைய ஹேட்ச்பேக். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துல மாமா வீட்டுப் பக்கத்துல, மணல்ல நிறுத்துவேன். சிமெண்ட் தரையா இருந்தா காலையில வண்டி எடுத்ததும் கீழே ஒரு கறுப்பு வட்டம் கண்ணுல பட்டிருக்கும். மணல் எல்லாத்தையும் குடிச்சிடுச்சு. நாலு மாசம் எனக்கு ஒண்ணுமே தெரியல. ஒருநாள் எண்ணூர் விரைவுச் சாலையில கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவுல ஊர்ந்துட்டு இருக்கும்போது, டேஷ்போர்டுல சிவப்பா ஆயில் விளக்கு எரிஞ்சது. “ரெண்டு கிலோமீட்டர்தானே, ஒர்க்‌ஷாப் போய்ப் பார்த்துக்கலாம்”னு ஓட்டினேன். போய்ச் சேரல. கடகடன்னு சத்தம், இன்ஜின் சீஸ். பில் என் ரெண்டு மாசச் சம்பளத்தைத் தாண்டிச்சு. ஒழுகினது எங்கேன்னு பார்த்தா, டிரெயின் போல்ட்டுக்கு அடியில இருக்கிற வாஷர். ஒரு பிரியாணி விலைகூட இல்லாத சாமான்.

அந்தச் சிவப்பு விளக்கை முதல்ல புரிஞ்சுக்குங்க. பல வண்டிகள்ல அது ஆயில் அளவைக் காட்டுறது இல்லை, அழுத்தத்தைக் காட்டுது. அது எரியுதுன்னா பேரிங்குகளுக்குப் போதுமான அழுத்தத்துல ஆயில் போகலைன்னு அர்த்தம். உலோகம் உலோகத்தோட உரச ஆரம்பிச்சாச்சு. ஓரமா நிறுத்துங்க, இன்ஜினை அணைங்க, டோ வண்டியைக் கூப்பிடுங்க. டோ செலவு வலிக்கும்தான், ஆனா அது ஆயிரங்கள்ல முடியும்.

சரி, கீழே ஒழுகுறது ஆயில்தானான்னு எப்படித் தெரியும்? ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரிச்சு விரிச்சு வையுங்க. மணல்ல நிறுத்துறவங்களுக்கு இதைவிட்டா வேற வழியில்லை. காலையில அட்டையில நிறமே இல்லாத வெறும் தண்ணி இருந்தா அது ஏ.சி. தண்ணி, விடுங்க. பச்சை, ரோஸ், ஆரஞ்சுன்னு நிறமா, லேசா இனிப்பு வாடையோட இருந்தா கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்துல மெல்லிசா வெளிர் மஞ்சளா இருந்தா பிரேக் ஆயிலா இருக்கலாம், அன்னைக்கு வண்டியைத் தொடாதீங்க. பழுப்பு இல்லைன்னா கறுப்பு, விரல்ல தேய்ச்சா வழவழன்னு இருந்தா அது இன்ஜின் ஆயிலாத்தான் இருக்கும்.

அடுத்து எவ்வளவு ஒழுகுதுன்னு பார்க்கணும். 30 சொட்டு 1 மில்லின்னு வெச்சுக்குவோம். நிமிஷத்துக்கு ஒரு சொட்டுன்னா ஒரு நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 48 மில்லி. மாசத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஒரு சின்னக் காரோட இன்ஜின்ல மொத்தமே மூணு, மூணரை லிட்டர்தான் இருக்கும். டிப்ஸ்டிக்ல மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில நிறைய வண்டிகள்ல சுமார் ஒரு லிட்டர். வாரத்துக்கு ஒருதடவை, சமதரையில, இன்ஜின் அணைச்சுப் பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்கைத் துடைச்சுப் பாருங்க, ஃபோட்டோ எடுத்து வையுங்க. நான் இதைச் செஞ்சிருந்தா இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

ஆயில் குறையுது, ஆனா அட்டை சுத்தமா இருக்குன்னா, உள்ளேயே எரியுதுன்னு சந்தேகப்படுங்க. சைலென்சர்ல நீலப் புகை வருதான்னு பாருங்க. கருகுற வாடை வந்தா மேலே டேப்பட் கவர் பேக்கிங்ல கசிஞ்சு, சூடான எக்ஸாஸ்ட் மேல சொட்டிக்கிட்டு இருக்கலாம். தீ பிடிக்க வாய்ப்பு இருக்கு, தள்ளிப் போடாதீங்க.

ஒழுகுற இடத்தை வெச்சுத்தான் செலவு. டிரெயின் வாஷர், ஆயில் ஃபில்டர் ரப்பர் வளையம் எல்லாம் அடுத்த ஆயில் சர்வீஸோடயே முடிஞ்சிடும். டேப்பட் கவர் பேக்கிங்கும் பெரிய வேலை இல்லை. ஆனா கிராங்க்கோட பின்பக்க ஆயில் சீல் வேற கதை. சீல் விலை கம்மி, அதை மாத்த கியர்பாக்ஸைக் கீழே இறக்கணும், கூலிதான் காசு. இங்கே ஒரு டிப்ஸ்: கசிவு ரொம்ப லேசா இருந்து, டிப்ஸ்டிக் அளவு பெருசா இறங்கலைன்னா, டாப்-அப் பண்ணிக்கிட்டே ஓட்டலாம். கிளட்ச் மாத்தும்போது எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும். அன்னைக்கு அந்த சீலையும் மாத்திடுங்க, ஒரே கூலியில ரெண்டு வேலை. மெக்கானிக் “எல்லா சீலையும் மாத்திடலாம் சார்”னு சொன்னா, முதல்ல இன்ஜினை வெளியே கழுவச் சொல்லி, ரெண்டு நாள் ஓட்டிட்டு வந்து ஈரம் எங்கேன்னு காட்டச் சொல்லுங்க. ஆயில் மேலே கசிஞ்சு கீழே வழியும். சொட்டுற இடமும் ஒழுகுற இடமும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்லை.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. உப்புக் காத்துல இரும்பு ஆயில் சம்ப் துருப்பிடிக்கும், கனரக வண்டி ஓடுற ரோட்டுப் பள்ளத்துல அடியும் வாங்கும்.

அப்போ இன்சூரன்ஸ்? பேக்கிங், சீல் தேய்ஞ்சு ஒழுகுறதுக்கு ஒரு பைசா வராது, அது தேய்மானம். கல் அடிச்சு சம்ப் உடைஞ்சா அது விபத்து, கிளெய்ம் பண்ணலாம். உடைஞ்ச பிறகும் ஓட்டி இன்ஜின் சீஸ் ஆனா, சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி அதைத் ‘தொடர் இழப்பு’ன்னு தள்ளிடும். அதுக்குத்தான் இன்ஜின் புரொடெக்ட்னு ஆட்-ஆன். புது வண்டியா இருக்கும்போதே எடுத்துடுங்க, பழசானா கிடைக்கிறது கஷ்டம்.

சின்ன கிளெய்முக்கு முன்னாடி கணக்குப் போடுங்க. சம்ப் வேலை 5,000 ரூபாய். 1,500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு முதல் 1,000 உங்க தலையில, மீதி 4,000 வரும்னு வெச்சுக்குவோம். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000, இப்போ நோ கிளெய்ம் போனஸ் 25%. கிளெய்ம் பண்ணலைன்னா அடுத்த வருஷம் 35%, அதாவது 2,800 தள்ளுபடி. பண்ணினா பூஜ்யம். அதுக்கு அடுத்த வருஷம் 45%க்குப் பதிலா 20%, அங்கே 2,000 போச்சு. 4,000 வாங்க 4,800 கொடுக்கிறீங்க.

மழை வெள்ளத்துல வண்டி மூழ்கினா ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. டிப்ஸ்டிக்ல ஆயில் பால் டீ நிறத்துல இருந்தா உள்ளே தண்ணி கலந்திருக்கு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில முகத்துவாரக்குப்பம் பக்கம் ஓடின தண்ணியிலயும் எண்ணெய்தான் கலந்திருந்தது. மணலியில இருக்கிற சிபிசிஎல் ஆலை வளாகத்துல இருந்து வெள்ளத்தோட வெளியேறினதுன்னு மாசு கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியா எண்ணூர் கழிமுகத்துல போய்ப் படிஞ்சது. படகும் வலையும் பிசுபிசுன்னு ஆகி, கடலுக்குப் போக முடியாத மீனவக் குடும்பங்கள் 2,301 பேருக்கு அரசு தலா 12,500 ரூபாய் அறிவிச்சது. 787 படகுகளைச் சரி பண்ணத் தலா 10,000. ஒரு மீனவக் குடும்பத்துக்கு அது எத்தனை நாள் வருமானம்னு நீங்களே யோசிங்க.

நம்ம காரோட மூணு லிட்டர் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லைதான். ஆனா சாக்கடையில ஊத்தினா அதுவும் அதே கால்வாய்க்குத்தான் போகும். பழைய இன்ஜின் ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. இப்போ நான் போற மெக்கானிக்கிட்ட, வடிச்ச ஆயிலை எங்கே கொட்டுறீங்கன்னு முதல் நாளே கேட்டேன். பின்பக்கம் கூட்டிட்டுப் போய் ஒரு நீல டிரம்மைக் காட்டினார், நிரம்பினதும் மறுசுத்திகரிப்புக்கு எடுக்குறவங்க வந்து காசு கொடுத்து வாங்கிட்டுப் போறாங்களாம். அன்னைக்கே வண்டிச் சாவியை அவர் கையில கொடுத்துட்டேன்.