திகதி வீச்சின்படி பதிவுகளைத் தெரிவுசெய்தல்

பாடசாலை நூலகத்துக்கான வலைப் பிரயோகம் ஒன்றில் "இரவல்" என்னும் அட்டவணை உள்ளது எனக் கொள்வோம். 2024 பெப்ரவரியில் இரவல் வழங்கிய நூல்கள் எவை என்று நூலகர் அறிய வேண்டும். திரையிலுள்ள ஆரம்பத் திகதி, முடிவுத் திகதி ஆகிய இரு பெட்டிகளையும் அவர் நிரப்பியதும் அதற்குரிய வினவல் தரவுத்தளத்துக்குச் செல்லும்.

மாணவர்களே, நிபந்தனையை எழுதுமுன் புலத்தின் தரவு வகையைப் பாருங்கள். திகதியைப் பாட (எழுத்து) வகையாகச் சேமித்திருந்தால் கணினி அதனை இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாகவே ஒப்பிடும். 05/02/2024, 12/01/2024 ஆகிய இரண்டில் 0 ஆனது 1 இற்கு முந்தியது. எனவே பெப்ரவரி 5, ஜனவரி 12 இற்கு முன்னர் வந்துவிடும்! வழுச் செய்தி எதுவும் தோன்றாது. விடை மாத்திரம் பிழைக்கும். ஆகவே திகதி/நேரம் என்னும் வகையையே தெரிவுசெய்க.

அடுத்தது எல்லை. புள்ளிகள் பெரிதும் பறிபோவது இங்கேதான். எஸ்.கியூ.எல். மொழியின் "பிற்வீன்" இரு அந்தங்களையும் உள்ளடக்கும் என்று படித்திருப்பீர்கள். அது சரியே. ஆனால் புலத்தில் நேரமும் பதியப்பட்டிருப்பின், '2024-02-29' என்று மட்டும் கொடுக்கும்போது அது அன்றைய 00:00 மணி எனவே கொள்ளப்படும். அன்று காலை வழங்கிய நூல் பட்டியலில் இராது. நூல் இறாக்கையிலும் இல்லை, பட்டியலிலும் இல்லை என்றால் நூலகர் யாரிடம் கேட்பார்?

எனவே இவ்வாறு எழுதுக:

இரவல்_திகதி >= '2024-02-01' மற்றும் இரவல்_திகதி < '2024-03-01'

பெப்ரவரிக்கு 28 நாளா, 29 நாளா என்று எண்ணிப் பார்க்கும் வேலையும் இதில் இல்லை.

பயிற்சி

இரவல் இலக்கம் – இரவல்_திகதி
101 – 2024-01-31 14:20
102 – 2024-02-01 08:05
103 – 2024-02-29 10:15
104 – 2024-03-01 09:30

பின்வரும் ஒவ்வொன்றிலும் பெறப்படும் பதிவுகள் யாவை?
(i) '2024-02-01', '2024-02-29' ஆகியவற்றுக்கிடையே "பிற்வீன்" பயன்படுத்தும்போது
(ii) மேலே தந்த நிபந்தனையைப் பயன்படுத்தும்போது
(iii) அந்நிபந்தனையில் "மற்றும்" என்பதற்குப் பதிலாக "அல்லது" இடும்போது

விடை: (i) 102 மட்டும் (ii) 102, 103 (iii) நான்கும். ஏனெனில் எந்தத் திகதியை எடுத்தாலும் இரண்டில் ஒரு கூற்றேனும் உண்மையாகும்.