பைக்கற்றில் நிற்கும் சிங்கம்

புளத்கொகுபிட்டியவில் தேயிலைக்கு நடுவே வாழும் எங்களுக்குச் சந்தைப்படுத்தலைப் படிக்க ஒரு தேயிலைப் பைக்கற்றே போதும். அதிலுள்ள "நிகரற்ற சுவை" வெறும் கூற்று. அதை யாரும் அளந்து பார்க்க முடியாது. சிங்க இலச்சினை அப்படியல்ல. உள்ளிருப்பது 100 வீதம் இலங்கைத் தேயிலையாகவும், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதாகவும், இலங்கைத் தேயிலைச் சபை விதித்த தரத்தில் குறையாததாகவும் இருந்தால்தான் அதைப் பொறிக்கச் சபை அனுமதிக்கும். ஆகவே அது சரிபார்க்கக்கூடிய சான்று.

எதற்குச் சான்று என்றும் நான் கேட்பேன். கொழுந்து பறித்தவருக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்பதற்கு அது சான்றல்ல. தோழியர் சிலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்!

விற்பனையும் இப்படித்தான். றமழானில் ஒரு விளம்பரம் வந்து தேயிலை அதிகம் விற்றால், காரணம் விளம்பரமா, நோன்பு திறந்தபின் குடிக்கும் தேநீரா? விளம்பரம் எட்டாத ஊரிலும் விற்பனை கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும்.