உள்ளே திரும்பும் முடி: சவரத்திற்குப் பின் தோன்றும் கொப்புளங்கள்

சவரம் செய்த ஓரிரு நாளில் தாடைக்குக் கீழும் கழுத்திலும் தோன்றும் சிறு கொப்புளங்களைப் பலர் சூட்டுக் கொப்புளம் என்றே எண்ணிக்கொள்கின்றனர். எண்ணெய்க் குளியல், இளநீர், பிறகு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பு என்று முயன்று பார்த்த பின்னரே எங்கள் தோல்நோய்ப் பிரிவுக்கு வருகின்றனர். அதற்குள் பல மாதங்கள் கடந்து, கருந்திட்டுகளும் சிலருக்குத் தடித்த தழும்புகளும் நிலைத்துவிடுகின்றன. உடற்சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவர்களுடைய முடியே அவர்களுடைய தோலைக் குத்துகிறது.

சுருள்முடி உடையவர்களுக்கு முடி வளைந்தே வெளிவருகிறது. பிளேடு அதைச் சாய்வாக வெட்டும்போது நுனி ஊசிபோல் கூர்மையாகிறது. அந்த நுனி வளர்ந்து, வளைந்து, அருகிலுள்ள தோலுக்குள் மீண்டும் நுழைகிறது. இன்னொரு வழியும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு எதிர்த் திசையில் அழுத்தி மழிக்கும்போது முடி தோலின் மட்டத்திற்குக் கீழே வெட்டுப்படுகிறது. வெளியே வருமுன்பே மயிர்க்காலின் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் வளர்கிறது. பல பிளேடுகள் அடுக்கிய ரேசரில் முதல் பிளேடு முடியை இழுத்துத் தூக்க, அடுத்தது அதை ஆழத்தில் வெட்டுகிறது. விளம்பரங்கள் புகழும் வழுவழுப்பு இவ்வாறுதான் கிடைக்கிறது. உட்புகுந்த முடியை உடல் அயற்பொருளாகக் கருதுவதால், முள் தைத்த இடம்போல் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. தொடக்கத்தில் கிருமித் தொற்று பெரும்பாலும் இருப்பதில்லை; நகத்தால் கிள்ளும்போது அது எளிதில் வந்து சேர்கிறது.

ஆகவே நாங்கள் முதலில் கூறுவது, குறைந்தது 4 வாரம் சவரத்தை நிறுத்துங்கள் என்பதே. தாடி முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். அந்த நீளத்தை நெருங்கும்போது, உள்ளே சிக்கிய முடி வில்போல் விசை பெற்றுப் பெரும்பாலும் தானே வெளிவந்துவிடும். முதல் வாரத்தில் கொப்புளங்கள் கூடுவதுபோலத் தோன்றலாம். அப்போது மனந்தளர்ந்து பிளேடை எடுத்துவிடுபவர்கள் பலர். தாடி வைக்க இயலாத பணியில் இருப்போர் தயங்காமல் எங்களிடம் கூறலாம். மருத்துவச் சான்று அளிப்பதில் எங்களுக்குத் தடையில்லை.

இக்காலத்தில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியை நாளும் 10 நிமிடம் ஒற்றி வருதல் நல்லது. தோலின் மேல் முடியின் வளையம் தெளிவாகத் தெரிந்தால், ஸ்பிரிட்டால் துடைத்த ஊசியின் நுனியால் அவ்வளையத்தை மட்டும் மெல்லத் தூக்கிவிடலாம். பிடுங்குதல் கூடாது, பிடுங்கிய இடத்தில் முளைக்கும் புதிய முடி மீண்டும் தோலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளக்கூடும்.

களிம்பு பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியுள்ளது. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்பைத் தடவினால் சிவப்பு இரண்டே நாளில் தணியும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, பருக்கள் பெருகும். 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றுள் சேர்த்தது. எனினும் சீட்டு இல்லாமல் வாங்கியவற்றை நோயாளிகள் இன்றும் எங்களிடம் கொண்டுவந்து காட்டுகின்றனர். தேவைப்படுவோருக்கு பென்சாயில் பெராக்சைடு, கிளிண்டாமைசின், இரவில் தடவும் ரெட்டினாய்டு ஆகியவற்றை நாங்கள் அளவறிந்து எழுதித் தருகிறோம். கருவுற்றிருப்போருக்கு ரெட்டினாய்டு ஆகாது. மீண்டும் மீண்டும் வருவோருக்கு லேசர் முறை பயன்தரும். நம்மவர் தோலின் நிறத்திற்கு நீண்ட அலைநீளமுடைய என்டி-யாக் லேசர் ஏற்றது. அதற்குப் பல அமர்வுகள் தேவைப்படும்.

மீண்டும் சவரம் தொடங்கும்போது முடியை வெந்நீரால் நன்கு நனைத்து, ஒற்றைப் பிளேடால், முடி வளரும் திசையிலேயே, தோலை இழுக்காமல் மழிக்க வேண்டும். ட்ரிம்மரால் 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டுவது இன்னும் பாதுகாப்பானது.

முகவாயில் முளைக்கும் முடியைப் பிடுங்கிப் பிடுங்கிக் கருமை படிந்த நிலையில் பெண்கள் பலர் கூச்சத்துடன் வருகின்றனர். அத்துடன் மாதவிலக்கும் ஒழுங்கற்று இருந்தால், சினைப்பை நீர்க்கட்டி நோய் உள்ளதா என்று ஆராய வேண்டும். மூல காரணத்தைக் கவனிக்காமல் தோலுக்கு மட்டும் மருந்திட்டால் தொல்லை தொடரும்.

படுக்கையில் இருப்பவருக்கு வீட்டில் சவரம் செய்துவிடுவோர் ட்ரிம்மரையே பயன்படுத்துங்கள். அவர் இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவராயின் பிளேடு அறவே வேண்டாம். நீரிழிவு உடையவருக்குக் கொப்புளம் வலியுடன் பெருத்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே அழைத்து வாருங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவருக்கு அவ்விடத்து முடியை வீட்டில் மழித்து அனுப்பும் வழக்கம் இன்னும் உள்ளது. பிளேடு ஏற்படுத்தும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமிகள் தங்கும் என்பதால் உலக சுகாதார நிறுவனமும் 2016-இல் வெளியிட்ட நெறிமுறையில் அறுவைக்கு முன் மழிப்பதை விலக்கியுள்ளது. முடியை அப்படியே விட்டு அழைத்து வாருங்கள். தேவையாயின் செவிலியர் கிளிப்பரால் வெட்டிக்கொள்வார்கள்.