கையில் இருப்பது 43 விநாடி

நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு ராப் பீட்டைத் தட்டிவிட்டு, "மச்சி, இதுல உனக்கு 16 பார். ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பிடு" என்கிறார். எழுத உட்காரும் முன் கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஒரு பாருக்கு 4 தட்டு. 16 பாருக்கு 64. பீட்டின் வேகம் நிமிடத்துக்கு 90 தட்டு என்றால், உங்களுக்குக் கிடைப்பது சுமார் 43 விநாடி. அதில் பத்து விநாடியை "நான் வந்துட்டேன்" என்று சொல்லியே கழிப்பவர்கள்தான் அதிகம்.

வெறும் பீட்டை வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். நண்பர் பாடிய வெர்ஸையும் ஹூக்கையும் ரஃப்பாகவாவது பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் எங்கே மூச்சு விடுகிறார், எந்த வேகத்தில் அடுக்குகிறார் என்று கவனியுங்கள். அவர் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுகிறாரா? நீங்கள் நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள்.

அடுத்தது நுழைவு. இதற்குப் பாடம் 2007-இல் வந்த 'இன்டர்நேஷனல் பிளேயர்ஸ் ஆந்தம்'. பாட்டு டெக்சஸைச் சேர்ந்த யூஜிகே இரட்டையருடையது. முதல் வெர்ஸ் விருந்தாளியாக வந்த ஆந்த்ரே 3000-க்கு. கல்யாணம் செய்யப்போகும் ஒருவன் பழைய தோழிகளுக்குச் செய்தி அனுப்புகிறான், அதுதான் கதை. அடியில் வில்லி ஹட்ச்சின் பழைய சோல் பாட்டுத் துண்டு ஓடுகிறது. டிரம்ஸ் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவர் சொல்லி முடிக்க, யூஜிகேயின் பிம்ப் சி வாயைத் திறக்கும்போது டிரம்ஸ் இறங்குகிறது பாருங்கள், சாதாரணமாக வந்திருந்தால் அதில் பாதி பலம்கூட இருந்திருக்காது. விருந்தாளியின் வெர்ஸே வீட்டுக்காரருக்கு மேடை போட்டுக் கொடுக்கிறது. என் காதுக்கு இதைவிடச் சிறந்த கெஸ்ட் வெர்ஸ் இல்லை. ஆகவே நண்பரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "என் முதல் நாலு பாருக்கு டிரம்ஸை எடுத்துட முடியுமா?"

இனி எழுத்து. தமிழில் ஒரு பொறி உண்டு. வர்றேன், போறேன், பாக்கறேன் என்று வினையில் முடித்தால் இயைபு தானாக வந்துவிடும். அதில் உங்கள் திறமை எதுவும் இல்லை, கேட்பவருக்கும் இரண்டாவது வரியிலேயே சலித்துவிடும். பாரைப் பெயர்ச்சொல்லில் முடித்துப் பாருங்கள். கிண்டி, வண்டி, நொண்டி என்று எதுகையும் சேர்ந்து விழுந்தால் நான்காவது தட்டில் ஸ்னேர் அடிப்பதுபோல் இருக்கும்.

குரலையும் மாற்றலாம். 2010-இல் கான்யே வெஸ்டின் 'மான்ஸ்டர்' பாட்டில் ஜே-ஸீ, ரிக் ராஸ் எல்லாம் இருக்க, முதல் ஆல்பம்கூட வெளிவராத நிக்கி மினாஜ் ஒரே வெர்ஸுக்குள் கொஞ்சலும் உறுமலுமாகக் குரல் மாற்றி அனைவரையும் ஓரங்கட்டினார்.

பதிந்ததும் எஃபெக்ட் போடாத வேவ் ஃபைலாக, பாட்டின் தொடக்கத்திலிருந்தே நீளும்படி அனுப்புங்கள். ஆட்-லிப் தனி ஃபைல். பெயர் எப்படி வரும், வருமானத்தில் பங்கு எவ்வளவு என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அழைப்பவருக்கும் ஒரு வார்த்தை. உங்களைவிடச் சுமாரானவரைத் தேடிக் கூப்பிடாதீர்கள். 2001-இல் ஜே-ஸீயின் 'ரெனகேட்' பாட்டில் விருந்தாளி எமினெம்தான் ஜெயித்தார் என்று ராப்பர் நாஸ் தன் பாட்டிலேயே குத்திக்காட்டினார். அதனால் ஜே-ஸீ ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தப் பாட்டு இருந்த ஆல்பம் இன்றும் பேசப்படுகிறது. பெயர் தெரியாதவருக்கும் இடம் கொடுங்கள். அந்த நாஸே 1991-இல், 17 வயதில், மெயின் சோர்ஸ் குழுவின் பாட்டில் ஒரு வெர்ஸ் பாடித்தான் வெளியே தெரிந்தார். 1994-இல் தன் 'இல்மாட்டிக்' ஆல்பத்தில் வெளி ராப்பருக்கு அவர் கொடுத்தது ஒரே ஒரு வெர்ஸ். அதைப் பாடிய ஏ-ஸீக்கும் அப்போது சொந்த ஆல்பம் கிடையாது.