மின்சாரம் போன பிறகும் ஆபத்து உண்டு

மின்சாரம் இரண்டு வகைப்படும். பேட்டரியிலிருந்து வருவது நேர்மின்சாரம். அது ஆற்று நீர்போல ஒரே திசையில் ஓடும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம். அது மரம் அறுக்கும் ரம்பம்போல முன்னும் பின்னும் போய்வரும். இந்தியாவில் அது நொடிக்கு 50 முறை போய்வருகிறது. அதன் அழுத்தம் 230 வோல்ட்.

இன்வெர்ட்டர் பேட்டரியின் அழுத்தம் பெரும்பாலும் 12 வோல்ட்தான். அதில் வீட்டு மின்விசிறியை நேராக இணைத்தால் ஓடாது. இடையில் இன்வெர்ட்டர் வேண்டும்.

இன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

அதனுள் டிரான்சிஸ்டர்கள் உள்ளன. இவை மிக வேகமான சுவிட்சுகள். ஒரு சுவிட்சைப் போட்டால் மின்சாரம் ஒரு பக்கமாக ஓடும். அதை அணைத்து மற்றதைப் போட்டால் எதிர்ப்பக்கமாக ஓடும். இது நொடிக்கு 50 முறை நடக்கிறது. இப்படி நேர்மின்சாரம் மாறுமின்சாரம் ஆகிறது.

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மரின் வேலை. அது 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக உயர்த்துகிறது. டிரான்ஸ்ஃபார்மர் மாறுமின்சாரத்தில் மட்டுமே வேலை செய்யும். அதனால்தான் முதலில் திசையை மாற்ற வேண்டியிருக்கிறது.

மின்சாரம் திரும்பி வந்ததும் வேலை தலைகீழாகிறது. மாறுமின்சாரம் நேர்மின்சாரமாகி, பேட்டரியில் சேருகிறது.

இதைக் கற்கப் பெரிய படிப்பு வேண்டுமா? வேண்டாம். ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊர் உள்ளது. எழுதப் படிக்க அதிகம் தெரியாத கிராமப் பெண்கள் பலர் அங்கே பயிற்சி பெற்றார்கள். பாகங்களின் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துக் கற்றார்கள். சூரிய விளக்குகளைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் தேறினார்கள்.

கவனம் தேவை

“மின்சாரம்தான் போய்விட்டதே, பேட்டரி வெறும் 12 வோல்ட்தானே” என்று சிலர் நினைக்கிறார்கள். வயரைத் தொடுகிறார்கள். இது தவறு. இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருவது 230 வோல்ட். அது உயிரைப் பறிக்கும். மெயினை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். பழுதுபார்க்கும் வேலையைத் தெரிந்தவரிடமே விட வேண்டும்.

பேட்டரியில் அமிலம் உள்ளது. சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கும் வாயு வெளியேறும். அருகில் பீடி, விளக்கு கூடாது. காற்றோட்டம் வேண்டும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ ஊற்றக் கூடாது. பேட்டரிக்கென்று கடையில் விற்கும் வடிநீரையே ஊற்ற வேண்டும். அமிலம் மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பதில் சொல்லுங்கள்

1. நேர்மின்சாரத்துக்கும் மாறுமின்சாரத்துக்கும் என்ன வேறுபாடு?
2. டிரான்ஸ்ஃபார்மரின் வேலை என்ன?
3. மெயினை அணைத்த பிறகும் வயரைத் தொடக் கூடாது. ஏன்?