அறைகலன் தேர்வில் மிகைமெய்

நகர்ப்புறக் குடியிருப்புகள் பலவற்றில் அறைகள் சிறியவை. கடையின் விசாலமான கூடத்தில் அளவாகத் தோன்றும் சோபா, வீட்டில் நடைவழியை மறிப்பதுண்டு. இக்குறையைப் போக்க உதவுவது மிகைமெய் என்னும் தொழில்நுட்பம்.

கைபேசியின் காமிரா தரையிலுள்ள புள்ளிகளை அடையாளம் காண்கிறது. அசைவு உணரிகள் தரும் விவரங்களையும் சேர்த்து, தரையின் பரப்பும் தொலைவும் கணக்கிடப்படுகின்றன. பின்னர்ப் பொருளின் முப்பரிமாண உருவம் உண்மை அளவில் திரையில் நிறுத்தப்படுகிறது. சுவீடனில் தோன்றிய ஐகியா நிறுவனம் 2017இல் இதற்கெனத் தனிச் செயலியை வெளியிட்டது. அதன் முதல் இந்தியக் கடை 2018இல் ஐதராபாத்தில் திறக்கப்பட்டது.

எனினும் இம்முறைக்கு வரம்புகள் உண்டு. மங்கிய ஒளியிலும், கோடோ புள்ளியோ இல்லாத பளபளப்பான தரையிலும் கணிப்பு பிழைபடலாம். மரத்தின் தரம், இணைப்புகளின் உறுதி, இருக்கையின் மென்மை ஆகியவற்றைத் திரை காட்டாது.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள், 2020இன்படி, குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கலாகாது. ஆனால், பொருள் கூறியபடியே இருந்து அறைக்கு மட்டும் பொருந்தாமற்போனால், அதைத் திருப்பித் தருவது விற்பனை நிபந்தனைகளைப் பொறுத்தது.

ஆதலின், திரையில் கண்ட பின்னரும் அறை, வாசல், மாடிப்படித் திருப்பம் ஆகியவற்றை அளவு நாடாவால் அளந்து ஒப்பிடுதல் அவசியம். அறிவிக்கப்பட்ட அளவு, மரவகை ஆகிய விவரங்களின் படியைச் சேமித்து வைத்தால், தகராறு எழும்போது அது சான்றாகப் பயன்படும்.